புரோஸ்டேட் வீக்கத்திற்கான லேசர் அறுவை சிகிச்சை

புரோஸ்டேட் வீக்கத்திற்கான லேசர் அறுவை சிகிச்சை என்பது, வயது முதிர்ந்த ஆண்களில் பருத்துவிடும் புரோஸ்டேட் சுரப்பியின் திசுவை லேசர் (சீரொளி) கற்றையைக் கொண்டு அகற்றும் முறையாகும். இந்நோய்க்கு மருந்துகள், மின்கம்பி வளையத்தால் சீவி எடுத்தல், திறந்த அறுவை எனப் பிற சிகிச்சைகளும் உள்ளன. எது பொருத்தமானது என்பது சுரப்பியின் அளவு, நோயாளியின் உடல்நிலை, மருத்துவரின் பயிற்சி, செலவு ஆகியவற்றைப் பொறுத்து அமையும். விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் (ஸ்ரீவில்லிபுத்தூர்) போன்ற ஊர்களில் வாழ்வோருக்குப் பயணத் தொலைவும் இம்முடிவில் இடம்பெறுகிறது.

நோயின் இயல்பு

புரோஸ்டேட் சுரப்பி, ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர் வடிகுழாயைச் சூழ்ந்து அமைந்துள்ளது. இளமையில் இதன் எடை ஏறத்தாழ 20 கிராம். வயது ஏற ஏற, ஆண் இயக்குநீரின் தாக்கத்தால் இதன் உட்பகுதி பெருத்து வடிகுழாயை நெருக்குகிறது. ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இத்தகைய திசுப் பெருக்கம் காணப்படுகிறது. எண்பது வயதைக் கடந்தோரில் பெரும்பாலானோருக்கு உண்டு. எனினும் அனைவருக்கும் தொல்லை தோன்றுவதில்லை. இது புற்றுநோய் அன்று. புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து இருக்கக்கூடும்.

அறிகுறிகளும் கண்டறிதலும்

சிறுநீர் தாமதித்து வருதல், மெல்லிய தாரையாக விட்டுவிட்டு வருதல், இரவில் பலமுறை எழுதல், முழுதும் கழியாத உணர்வு ஆகியன முதன்மையான அறிகுறிகள். நீரிழிவு நோயிலும் இரவில் அடிக்கடி சிறுநீர் கழியும் என்பதால், இரத்தச் சர்க்கரையைச் சோதிப்பதும் தேவை.

அறிகுறிகளின் கடுமையை அளக்க, ஏழு வினாக்கள் கொண்ட பன்னாட்டு மதிப்பெண் முறை உள்ளது. இதில் 0 முதல் 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரமானது, 20 முதல் 35 வரை கடுமையானது எனக் கொள்ளப்படும். மலக்குடல் வழியே விரலால் பரிசோதித்தல், சிறுநீர்ச் சோதனை, இரத்தத்தில் கிரியேட்டினின், பி.எஸ்.ஏ. அளவுகள், மீயொலி வருடல் (ஸ்கேன்), சிறுநீர்ப் பாய்வு வேகம் ஆகியன பிற சோதனைகள். பாய்வின் உச்ச வேகம் நொடிக்கு 10 மில்லிலீட்டருக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு இருக்கக்கூடும்.

மருந்துச் சிகிச்சை

தொல்லை லேசாக இருப்போருக்குக் கண்காணிப்பே போதுமானது. மாலையில் நீர் அருந்துவதைக் குறைத்தல், தேநீர், காப்பியைக் குறைத்தல் ஆகியன உதவும். அடுத்த நிலையில் இருவகை மருந்துகள் பயன்படுகின்றன. தாம்சுலோசின் போன்றவை சுரப்பியின் தசையைத் தளர்த்திச் சில நாட்களிலேயே பலன் தருபவை; தலைச்சுற்றல் உண்டாகலாம். பினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு ஆகியவை சுரப்பியைச் சுருக்குபவை. முழுப் பலன் தெரிய ஏறத்தாழ ஆறு மாதங்கள் ஆகும். இவை பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்துக் காட்டுவதால், அவற்றை உண்பவர் அச்சோதனையின்போது மருத்துவரிடம் அதனைத் தெரிவிக்க வேண்டும்.

அறுவை எப்போது தேவை

மருந்துக்குக் கட்டுப்படாத தொல்லை, மீண்டும் மீண்டும் சிறுநீர் அடைத்துக் கொள்ளுதல், தொடர் கிருமித்தொற்று, சிறுநீர்ப்பைக் கல், நிற்காத இரத்தப்போக்கு, அடைப்பினால் சிறுநீரகம் பழுதடைதல் ஆகிய நிலைகளில் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. இந்நிலைகளில் அச்சம் காரணமாகத் தள்ளிப்போடுவது, சிறுநீரகங்களையும் சிறுநீர்ப்பையின் சுருங்கும் ஆற்றலையும் நிலையாகக் கெடுத்துவிடக் கூடும். அதன்பின் அடைப்பை நீக்கினாலும் முழுப் பயன் கிட்டாது.

அறுவை முறைகள்

வயிற்றைத் திறந்து சுரப்பியை அகற்றும் முறையை, இந்திய மருத்துவப் பணியிலிருந்து ஓய்வு பெற்று லண்டனில் பணியாற்றிய அயர்லாந்து அறுவை மருத்துவர் பீட்டர் பிரேயர் 1901 இல் பரவலாக அறியச் செய்தார். மிகப் பெரிய சுரப்பிகளுக்கு இன்றும் இம்முறை பயன்படுகிறது.

டி.யு.ஆர்.பி. எனப்படும் முறையில், சிறுநீர் வடிகுழாய் வழியே கருவியைச் செலுத்தி, மின்னூட்டிய கம்பி வளையத்தால் திசு சிறுசிறு துண்டுகளாகச் சீவி எடுக்கப்படுகிறது. வெளியே வெட்டு இராது. நடுத்தர அளவுள்ள சுரப்பிகளுக்கு இதுவே நெடுங்காலமாக அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பழைய ஒருமுனை மின்கருவியில், கழுவப் பயன்படும் கிளைசின் நீர்மம் உடலுக்குள் உறிஞ்சப்பட்டு இரத்தத்தின் சோடிய அளவைக் குறைக்கும் இடர் இருந்தது. உப்பு நீரைப் பயன்படுத்தும் இருமுனைக் கருவிகள் இவ்விடரைப் பெரிதும் நீக்கியுள்ளன.

லேசர் முறைகள் இரு வகைப்படும். முதலாவது, திசுவை ஆவியாக்குதல். 532 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை லேசர் இரத்தச் சிவப்பணுக்களின் நிறமியால் உறிஞ்சப்படுவதால் இரத்தப்போக்கு குறைவு. எனவே இரத்தம் உறையாமைக்கான மருந்து உண்ணும் இதய நோயாளிகளுக்கு இது ஏற்றது. ஆனால் திசு ஆவியாகிவிடுவதால், அதில் புற்றுநோய் உள்ளதா எனச் சோதிக்க இயலாது. இரண்டாவது, ஹோல்மியம் லேசரால் சுரப்பியின் உட்பகுதியைச் சுளையாகப் பெயர்த்து, சிறுநீர்ப்பைக்குள் வைத்து அரைத்து வெளியேற்றும் ஹோலெப் முறை. இது நியூசிலாந்தில் 1990களில் உருவாக்கப்பட்டது. எவ்வளவு பெரிய சுரப்பிக்கும் பொருந்தும். திசுவும் சோதனைக்குக் கிடைக்கும். எனினும் இதில் தேர்ச்சி பெற மருத்துவருக்கு நீண்ட பயிற்சி வேண்டும்.

ஒப்பீடு

லேசர் என்னும் சொல் வலியற்ற, பக்கவிளைவற்ற சிகிச்சை என்னும் எண்ணத்தைப் பலரிடம் ஏற்படுத்துகிறது. இது முழு உண்மை அன்று. ஹோலெப், பச்சை லேசர் முறைகளில் இரத்தப்போக்கும், குழாய் பொருத்தியிருக்கும் காலமும், மருத்துவமனையில் தங்கும் நாட்களும் பொதுவாகக் குறைவு. ஆனால் அறிகுறிகள் தணிவதில் இவற்றுக்கும் டி.யு.ஆர்.பி.க்கும் பெரிய வேறுபாடு இல்லை. பிரித்தானியாவில் 410 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2020 இல் வெளியான ஆய்வில், தூலியம் லேசரால் சீவும் முறையும் டி.யு.ஆர்.பி.யும் அறிகுறி மதிப்பெண்ணில் சமமாக இருந்தன. சிறுநீர்ப் பாய்வு வேகத்தில் டி.யு.ஆர்.பி.யே முந்தியது.

விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் பின்னோக்கிச் செல்லும் விளைவு டி.யு.ஆர்.பி., ஹோலெப் இரண்டிலும் மிகுதியானோருக்கு ஏற்படுகிறது. இதனால் உடலுக்குத் தீங்கில்லை. எனினும் குழந்தைப்பேற்றை விரும்புவோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஹோலெப் செய்துகொண்ட சிலருக்கு முதல் சில வாரங்களில் சிறுநீர்க் கசிவு இருக்கலாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் பகுதியில்

பஞ்சாலைகளுக்குப் பெயர்பெற்ற இராஜபாளையத்திலும், ஆண்டாள் கோயில் அமைந்த திருவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. திடீரென முற்றிலும் சிறுநீர் அடைத்துக் கொண்டால் உடனடித் தேவை லேசர் அன்று. குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றுவதே ஆகும். எனவே தொலைவிலுள்ள பெருநகர மருத்துவமனையை நோக்கிப் புறப்படுமுன், அருகிலுள்ள மருத்துவமனையை அணுகுவதே முறை. அதன் பின்னர் தக்க சோதனைகளுடன் அறுவையைத் திட்டமிடலாம்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியன தென்மாவட்ட மக்கள் நெடுங்காலமாக நாடும் உயர்நிலை மருத்துவமனைகள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் (2012) தகுதியுள்ள குடும்பங்களுக்குப் பல அறுவை சிகிச்சைகளின் செலவை ஏற்கிறது. எந்த முறைக்கு, எந்த மருத்துவமனையில் பொருந்தும் என்பதை முன்னதாகவே கேட்டறிதல் நன்று.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் வரை இரத்தக்கட்டியால் மீண்டும் அடைப்பு ஏற்படக்கூடும். பளு தூக்குதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகியவற்றை அக்காலத்தில் தவிர்க்க வேண்டும். மதுரையில் அறுவை செய்துகொண்டு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஊருக்குத் திரும்புவோர், அவசர நிலையில் உள்ளூரில் யாரை அணுகுவது என்பதையும், தமக்குச் செய்யப்பட்ட சிகிச்சையின் விவரச் சீட்டையும் பெற்றுக்கொண்டே புறப்படுதல் வேண்டும். நன்கு பயிற்சி பெற்ற மருத்துவர் செய்யும் டி.யு.ஆர்.பி., பயிற்சி குறைந்தவர் செய்யும் லேசர் சிகிச்சையைவிடப் பாதுகாப்பானதாக இருக்கலாம். எனவே கருவியின் பெயரைக் கேட்பதோடு, அம்முறையில் மருத்துவர் எத்தனை பேருக்குச் சிகிச்சை செய்துள்ளார் என்பதையும் நோயாளி கேட்டறியலாம்.