நாஸ்திகன் என்று யாரைச் சொல்வது?

இரண்டு வருடங்களுக்கு முன், என் மனைவியின் திதியன்று, அண்ணன் பக்கத்தில் மணையில் உட்கார இளைய மகன் மறுத்துவிட்டான். "இதில் எனக்கு நம்பிக்கை இல்லைப்பா" என்றான். வாத்தியார் முன்னிலையிலேயே, "அப்படியானால் நீ நாஸ்திகனா?" என்று சத்தம் போட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போனவன், அடுத்த வருடம் வரவில்லை.

விளக்கு அணைந்த சிக்னலைச் சிவப்பாகவே கொள்ள வேண்டும் என்பது ரயில்வே விதி. பழக்க தோஷம், வீட்டிலும் அப்படியே செய்துவிட்டேன்.

பிறகுதான் அந்தச் சொல்லைப் பற்றித் தேடிப் படித்தேன். நம் பழைய தத்துவ மரபில் வேதத்தைப் பிரமாணமாக ஏற்பவன் ஆஸ்திகன், ஏற்காதவன் நாஸ்திகன். கடவுள் அங்கே அளவுகோல் அல்ல. சாங்கியமும் மீமாம்சையும், உலகைப் படைத்த ஈசுவரன் என்று ஒருவரை வேண்டாமலே ஆஸ்திக தரிசனங்களாக எண்ணப்பட்டன. சமணமும் பௌத்தமும் அத்தனை ஒழுக்கம் போதித்தும் நாஸ்திகத்தில் சேர்ந்தன!

இன்று கடவுள் இல்லை என்பவரைத்தான் நாஸ்திகர் என்கிறோம். 'உண்டா, இல்லையா, தெரியாது' என்பவர் வேறு. அவருக்கென்று 'அக்னாஸ்டிக்' என்ற பெயரை 1869-இல் உண்டாக்கியவர் ஹக்ஸ்லி என்ற ஆங்கில விஞ்ஞானி. கடவுளை நம்பிக்கொண்டே சடங்கை மட்டும் வேண்டாமென்பவரும் உண்டு. என் மகன் இவர்களில் யார் என்று நான் கேட்கவே இல்லை. நம் சங்கக் குடும்பங்களில் பிள்ளைகள் இப்படிப் பேசினால், பெயர் வைக்குமுன் 'எதை நம்பவில்லை?' என்று கேட்டுவிடுங்கள்.

விஜயவாடாவில் வேலை பார்த்த நாட்களில் அங்குள்ள நாஸ்திக மையத்துக்குள் நான் போனதில்லை. அதை நிறுவிய கோரா, தம் கொள்கையை மறைக்காமலே காந்தியடிகளுடன் பழகியவர். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பு இளைஞருக்குத் தம் மகளைக் கொடுக்க அவர் முடிவு செய்தபோது, சேவாகிராம ஆசிரமத்தில் திருமணத்தை நடத்தலாம் என்றார் காந்தி. கடவுள் பெயரால் சொல்லும் உறுதிமொழியைச் சத்தியத்தின் பெயரால் என்று மாற்றவும் சம்மதித்தார். அதற்காக அவர் ராமநாமத்தை விடவில்லை. கோராவும் கும்பிட ஆரம்பிக்கவில்லை. 1948 மார்ச்சில் அங்கே அத்திருமணம் நடந்தபோது காந்தி இல்லை.

இந்த வருடம் திதிக்கு முன்பே மகனுக்குப் போன் செய்து, "எதில்தான் நம்பிக்கை இல்லை, சொல்லு" என்றேன். "அம்மா வந்து சாப்பிடுவாள் என்று என்னால் நினைக்க முடியவில்லைப்பா. மந்திரம் சொன்னால் அது பொய். சமையலுக்கு வரட்டுமா?" என்றான்.

மூத்தவன் மணையில் உட்கார்ந்தான். உள்ளே இளையவன் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான்.