சைக்கிளை ஏற்றிப்போக எந்தக் கார்? இதெல்லாம் தெரியுமா!

மலைச் சைக்கிள் விளையாட்டு பிறந்தபோதே கூடவே ஒரு பிக்கப் வண்டியும் வந்துவிட்டது, தெரியுமா? 1976 அக்டோபர் 21, கலிஃபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு வெளியே ஒரு மண்பாதை. மூன்றரைக் கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம்! பழைய, கனமான சைக்கிள்களைப் பிக்கப் வண்டியில் அடுக்கி உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பாய்ந்தார்கள் இளைஞர்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பிலிருந்த கிரீஸ் முழுதும் புகையாகப் போய்விடும். புது கிரீஸை மறுபடி அடைத்தாக வேண்டும்; அதனால்தான் இந்தப் புகழ்பெற்ற பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். பின்னாளில் மலைச் சைக்கிள் முன்னோடி கேரி ஃபிஷர் அந்தப் பாதையை 4 நிமிடம் 22 விநாடியில் கடந்தார். மேலே ஏறிய நேரம் யார் கணக்கிலும் இல்லை. அது வண்டியின் வேலை!

அந்த வண்டி எதுவாக இருக்க வேண்டும் என்பதுதான் இன்றும் கேள்வி. உயரமான, முரட்டுத் தோற்றமுள்ள எஸ்யூவி வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லவே இல்லை. காரின் முகத்தைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள். அது எவ்வளவு தாழ்வு, எவ்வளவு சமம், எவ்வளவு நீளம்? ஆச்சரியங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் ஒரு கணக்கு. 29 அங்குலச் சக்கரம் பூட்டிய மலைச் சைக்கிளில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 1.2 மீட்டர். டயரோடு சேர்த்தால் சக்கரத்தின் விட்டம் 74 சென்டிமீட்டர். ஆக முழு நீளம் கிட்டத்தட்ட 1.95 மீட்டர். ஆறடி மனிதரைவிட நீளம்! முன்சக்கரத்தை மட்டும் கழற்றிப் பாருங்கள்; 1.6 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம், உங்களுக்குத் தேவையான காரையே ஒரு சுற்று சிறியதாக்கிவிடுகிறது.

இப்போது ஹோண்டா ஜாஸுக்கு வருவோம். 2015-இல் இந்தியாவுக்கு வந்த ஜாஸில் பின்சீட்டின் அடிப்பலகையைச் சினிமா அரங்க நாற்காலிபோல மேலே மடக்கி நிறுத்தலாம். முன்சீட்டுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை ஒரே வெற்றிடம்! அளவான சைக்கிளை முன்சக்கரம் கழற்றி நின்றவாக்கிலேயே வைக்கலாம். இவ்வளவு சிறிய காரில் எப்படி முடிந்தது? ரகசியம் பெட்ரோல் டாங்கில் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் டாங்க் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். ஜாஸில் அதை முன்சீட்டுகளுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். அந்த ஒரே ஒரு மாற்றம்தான் பின்பக்கத் தரையைத் தாழ்த்திக் கொடுத்தது. விற்பனை நின்றுவிட்ட கார்தான், ஆனால் பழைய கார்ச் சந்தையில் இன்றும் கிடைக்கிறது. சைக்கிள்காரர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்குப் பெரிய வருத்தம்.

அதே ஹோண்டா 1981-இல் செய்த வேலையைக் கேட்டால் வாய் பிளந்துவிடுவீர்கள். ‘சிட்டி’ என்ற குட்டிக் காரையும், அதன் டிக்கிக்குள் அடங்குவதற்கென்றே ‘மோட்டோகாம்போ’ என்ற 50 சிசி ஸ்கூட்டரையும் ஒன்றாகத் திட்டமிட்டு வடிவமைத்தார்கள். ஹேண்டில்பார், சீட், கால்தாங்கி எல்லாம் உடம்புக்குள் மடங்கி ஒரு சதுரப் பெட்டியாகிவிடும்! எடை 42 கிலோ. சாய்த்துப் படுக்க வைத்தாலும் பெட்ரோல் கசியாத ஏற்பாடு வேறு. காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, டிக்கியைத் திறந்து, ஸ்கூட்டரில் கிளம்ப வேண்டியதுதான்.

பிக்கப் வண்டிக்கு வருவோம். கோழிக்கறிச் சண்டை ஒன்று பிக்கப் வண்டியின் உருவத்தையே மாற்றியது என்றால் நம்புவீர்களா? அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. பதிலடியாக, வெளிநாட்டிலிருந்து வரும் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி விதித்தார் அதிபர் லிண்டன் ஜான்சன். அறிவிப்பு வந்தது 1963 டிசம்பரில். அந்த வரியிலிருந்து தப்ப சுபாரு என்ன செய்தது தெரியுமா? 1978-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ‘பிராட்’ பிக்கப்பின் திறந்த சரக்குத் தளத்தில், பின்னோக்கிப் பார்த்த இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்திவிட்டது! இருக்கை இருந்தால் அது பயணிகள் கார்; வரி மிகக் குறைவு. ரொனால்ட் ரேகன்கூடத் தன் பண்ணையில் ஒரு பிராட் வைத்திருந்தார். அந்தச் சுபாருதான் பிற்பாடு கேரி ஃபிஷர் மலைச் சைக்கிள் அணியின் புரவலராகவும் ஆனது.

சரி, சைக்கிளைக் கூரையில் ஏற்றலாமா? பார்க்க அழகு. ஆனால் 1.7 மீட்டர் எஸ்யூவி மேல் ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட சைக்கிள் நின்றால் 2.8 மீட்டர். வணிக வளாகங்களின் அடித்தள நிறுத்தங்களில் நுழைவு உயரம் பல இடங்களில் 2.1 மீட்டர்தான். மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். நாள் முழுக்க மிதித்துக் களைத்த கைகளால் 15 கிலோவைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. கூரைதான் உங்கள் வழி என்றால் தாழ்ந்த காரையே தேடுங்கள்.

இன்னொன்று, சைக்கிளே இல்லாமல் சும்மா இருக்கும் கூரைக் கேரியர்கூட எரிபொருளைக் குடிக்கிறது! கூரைக் கேரியர்களால் அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி காலன் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது என்று 2016-இல் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் கணித்தது. பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள், தயவுசெய்து.

கேரியரே வேண்டாம், காற்று போதும் என்பவர்களும் உண்டு! கார்க் கூரையில் ரப்பர்க் கிண்ணங்களை அழுத்தி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தமே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணத்தின் மேல் கடல் மட்டத்தில் காற்று அழுத்துவது ஏறக்குறைய 180 கிலோ எடைக்குச் சமம். ஆனால் மலையேறும்போது? மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிடிமானமும் அதே அளவு குறையும். கொண்டை ஊசி வளைவுகளில் இதை மறக்காதீர்கள்.

பின்பக்கக் கேரியரில் எனக்கு மிகவும் பிடித்தது ஜெர்மனியின் ஓப்பல் 2006 கோர்சாவில் கொண்டுவந்தது. பின் பம்பரைப் பிடித்து இழுத்தால் உள்ளிருந்து சைக்கிள் கேரியரே வெளியே வரும்! வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். தனியாக வாங்க வேண்டாம், வீட்டில் இடம் தேட வேண்டாம். இந்த யோசனை உலகெங்கும் பரவியிருக்க வேண்டும்.

மின் சைக்கிள் வைத்திருப்பவர்கள் பின்பக்கக் கேரியர் வாங்கும் முன் கண்டிப்பாக எடையைக் கூட்டிப் பாருங்கள். சைக்கிள் ஒன்றுக்கு 25 கிலோ, இரண்டுக்கு 50. கேரியர் 20. மொத்தம் 70! ஐரோப்பாவின் பல கார்களில் இழுவைக் கொக்கி தாங்கும் எல்லையே 75 கிலோதான். மூன்றாவது சைக்கிளுக்கு இடமில்லை. கேரியர் நம்பர் பிளேட்டை மறைத்தால் பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அதன்மேல் இன்னொரு பிளேட் மாட்டியே ஆக வேண்டும்.

மின் சைக்கிளின் சார்ஜ் காட்டுக்குள் தீர்ந்துவிட்டால்? அதற்கும் கார் வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஹூண்டாய் ஐயோனிக் 5-இலிருந்து வீட்டு மின்சாரம்போலவே 3.6 கிலோவாட் வரை எடுக்கலாம். அதன் பேட்டரி 72.6 கிலோவாட் மணி. மின் சைக்கிள் பேட்டரியோ பெரும்பாலும் அரைக் கிலோவாட் மணிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள், நூறு முறைக்கு மேல் நிரப்பலாம்! கார் வீடு திரும்பவும் சார்ஜ் வேண்டும், அதை ஒதுக்கிவிட்டு எடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எதை வாங்கச் சொல்வாய் என்று கேட்டால், இரண்டு சைக்கிள், இரண்டு பேர், ஓர் இரவுத் தங்கல் என்றால் என் ஓட்டு தாழ்ந்த தரையுள்ள வேனுக்குத்தான். சைக்கிள் உள்ளேயே போய்விடும். மழை, திருடன், காற்றெதிர்ப்பு எதுவும் தொடாது. உள்ளே வைத்தாலும் இறுக்கிக் கட்டுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் பத்தில் ஒரு விநாடிக்குள் கார் நின்றுபோனால், 15 கிலோ சைக்கிள் 200 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு முன்னால் பாயும். ஷோரூமுக்கு அளவு டேப்போடு போங்கள், முடிந்தால் சைக்கிளோடு போங்கள். விற்பவர் சிரித்தாலும் பரவாயில்லை, ஏற்றிப் பார்த்துவிட்டே பேசுங்கள்.

வேன் என்றதும் ஒன்று சொல்லியே தீர வேண்டும். 1947 ஏப்ரல் 23 அன்று பென் பான் என்ற டச்சுக் கார் வியாபாரி தன் குறிப்பேட்டில் பெட்டிபோன்ற ஒரு வண்டியைக் கிறுக்கினார். எஞ்சின் பின்னால், ஓட்டுநர் முன்னால், நடுவில் முழுக்க இடம். 1950-இல் அதுவே ஃபோக்ஸ்வேகன் வேனாக உற்பத்திக்கு வந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதை உறங்கிச் சமைக்கும் வீடாக மாற்றத் தொடங்கியது. அந்தப் பான் குடும்பத்தின் நிறுவனம் இன்று உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்று! கசெல், செர்வேலோ, சான்டா குரூஸ், கேனன்டேல் எல்லாம் அவர்கள் கையில்தான் இருக்கின்றன.