பிரேக்கில் புகை வந்த பந்தயம்!

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1976ல், மலைப்பாதையில் சைக்கிளில் இறங்கும் பந்தயம் ஒன்று தொடங்கியது. அதன் பெயர், 'ரீபேக்'. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்குகள், செங்குத்தான சரிவில் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் தான் அந்தப் பெயர்!

அங்கே வளர்ந்த மலை சைக்கிள் விளையாட்டு, 1996ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. பிரேக்குகள் இன்று எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனால், சரிவு அதே சரிவு தானே!

கிளம்பும் முன் பிரேக், டயர், செயினைப் பாருங்கள். ஹெல்மெட், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்கட்டும். வாரை மாட்ட மறக்காதீர்கள்.

இறங்கும்போது, சீட்டிலிருந்து எழுந்து, உடலைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள். முழங்காலும் முழங்கையும் மடங்கியிருக்கட்டும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால், பின்சக்கரம் தூக்கி, ஹேண்டில்பாருக்கு மேலே தலைகுப்புற விழ நேரும். இரண்டு பிரேக்கையும் மெதுவாக அழுத்துங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

கல்லையே பார்த்தால் சைக்கிள் கல்லுக்குத் தான் போகும். போக வேண்டிய வழியைப் பாருங்கள்.

மேலே ஏறி வருபவருக்கும், நடப்பவருக்கும் வழி விடுங்கள். தனியாகப் போகாதீர்கள். எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். தண்ணீர் அவசியம்.

சரிவைப் பார்த்துப் பயமாக இருக்கிறதா? இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கமே இல்லை. பாதை எங்கும் ஓடிவிடாது, பழகியபின் ஓட்டலாம்!