'கிக் ஆஃப்' என்றால் தொடக்கமா... கோபமா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். 'நாளை காலை 10 மணிக்கு புராஜெக்ட் கிக் ஆஃப்' என்று மெயில் வருகிறது. 'கிக் என்றால் உதைதானே... புராஜெக்டையே தூக்கிவிட்டார்களா?' என்று புதியவருக்குப் பதற்றம். பயப்பட வேண்டாம். நாளை புராஜெக்ட் தொடங்குகிறது, அவ்வளவுதான்!

இந்தச் சொல் பிறந்த இடம் கால்பந்து மைதானம். நடுப்புள்ளியில் வைத்த பந்தை உதைத்தால்தான் ஆட்டம் ஆரம்பம். இரண்டாம் பாதி தொடங்கும்போதும், ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் இதே கதைதான். 2022 உலகக்கோப்பை, நவம்பர் 20 அன்று கத்தார் - ஈக்வடார் ஆட்டத்துடன் 'கிக் ஆஃப்' ஆனது. நாம் எந்த வேலைக்கும் பிள்ளையார் சுழி போடுகிறோம் அல்லவா... அதுபோல ஆங்கிலத்தில் எதையும் 'உதைத்துத்' தொடங்குகிறார்கள்!

எப்படிப் பயன்படுத்தலாம்?

* 'த மீட்டிங் கிக்ட் ஆஃப் அட் டென்' - கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது.

* 'ஷி கிக்ட் ஆஃப் த மீட்டிங் வித் எ ஜோக்' - ஒரு ஜோக் சொல்லி அவர் கூட்டத்தைத் தொடங்கினார்.

* 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும். 'கிக் இட் ஆஃப்' சரி. 'கிக் ஆஃப் இட்' தவறு.

எங்கே வேண்டாம்?

இது உற்சாகமான, பேச்சுவழக்குச் சொல். இரங்கல் கூட்டம் 'கிக் ஆஃப்' ஆனது என்று எழுதினால் கேட்பவர் முகம் சுளிப்பார். அங்கே 'பிகின்' போதும்.

பிரிட்டனில் உஷார்!

அங்கே பேச்சுவழக்கில் இதற்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. கோபத்தில் கத்துவது, தகராறு செய்வது! நம்மூரிலிருந்து அங்கு வேலைக்குப் போன நர்ஸிடம், ஷிஃப்ட் முடித்துக் கிளம்புபவர் 'த பேஷன்ட் கிக்ட் ஆஃப் லாஸ்ட் நைட்' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி எதையோ தொடங்கினார் என்று நினைத்துவிட்டால் சிக்கல். 'நேற்றிரவு ரகளை செய்தார், கவனமாக இருங்கள்' என்ற எச்சரிக்கை அது.

எப்படிக் கண்டுபிடிப்பது? கூட்டமோ, ஆட்டமோ, விழாவோ 'கிக் ஆஃப்' ஆனால் அது தொடக்கம். ஓர் ஆளைச் சொல்லி, அவர் எதைத் தொடங்கினார் என்று சொல்லாமல் நிறுத்தினால் கோபமாக இருக்கலாம். சந்தேகம் வந்தால் தயங்காமல் கேட்டுவிடுங்கள். கேட்பதில் தப்பே இல்லை!