இறந்தால் உடனே, இருந்தால் அறுபதில்!

இரண்டு தபால்காரர்கள். பெயர் எதற்கு? மூத்தவர், இளையவர் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகவே இருவரையும் இங்கே அழைத்து வருகிறேன். ஆனால் தோழர்களே, இவர்களைப் போன்றவர்களை நீங்கள் நாள்தோறும் தெருவிலே பார்க்கிறீர்கள்.

மூத்தவர் 2003ஆம் ஆண்டு வேலைக்கு வந்தவர். இளையவர் 2005இல் வந்தவர். இருவரும் 25 வயதில் சேர்ந்தார்கள். ஒரே அஞ்சலகம், ஒரே காக்கிச் சட்டை, ஒரே வெயில்! இருபது ஆண்டுக் காலம் சைக்கிள் மிதித்தார்கள், மாடிப்படி ஏறினார்கள், மணியார்டர் பணத்தை எண்ணிக் கொடுத்தார்கள். இருவருக்கும் முழங்கால் தேய்ந்தது. இனி இயலாது என்று 45ஆம் வயதில் விருப்ப ஓய்வு கேட்கிறார்கள். கேட்க இடமுண்டு. இருபது ஆண்டு தகுதிப் பணி முடித்தவர், மூன்று மாத முன்னறிவிப்புத் தந்து விலகலாம் என்பது மத்திய சர்க்காரின் விதி.

மூத்தவர் வெளியேறிய மறுநாளிலிருந்தே அவருக்குப் பென்ஷன் கணக்காகிறது. இளையவர் கை நீட்டுகிறார். அறுபது வயதாகட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறது டில்லி!

இருவருக்கும் நடுவே என்ன சுவர்? 2004 ஜனவரி 1 என்ற தேதிதான் அந்தச் சுவர். அன்றும் அதற்குப் பிறகும் மத்திய சர்க்கார் வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றார்கள். சம்பளத்திலே 10 சதவீதம் பிடித்தார்கள். சர்க்கார் தன் பங்கைப் போட்டது. அந்தப் பணம் பங்குச் சந்தைக்கும் கடன் பத்திரத்துக்கும் போயிற்று. கடைசியில் என்ன விளைகிறதோ அதுதான் உன் பங்கு என்றார்கள். இதற்குத் தேசிய ஓய்வூதியத் திட்டம் என்று பெயர்.

தொழிலாளர்கள் சும்மா இருக்கவில்லை. இருபது ஆண்டு முழக்கத்தின் பலனாக 2024 ஆகஸ்டு 24 அன்று மத்திய அமைச்சரவை ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்ற ஒன்றை அறிவித்தது. 23 லட்சம் ஊழியர்களுக்குப் பயன் என்று மேளம் கொட்டினார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 25 ஆண்டு பணியாற்றினால் கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதி. முந்தைய திட்டத்தில் அந்த உறுதிகூட இல்லை. ஆகவே வந்ததை வரவேற்கத்தான் வேண்டும். ஆனால், வாசலில் தோரணம் கட்டியவர்கள் கொல்லைப்புறத்தில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூட்டைத்தான் இளையவர் தட்டிக்கொண்டிருக்கிறார்.

கணக்குக்கு வருவோம். இருவருக்கும் அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்தவருக்கு இருபது ஆண்டுப் பணிக்கே முழுப் பென்ஷன். அதாவது பாதிச் சம்பளம், 20,000 ரூபாய். அதன்மேல் அகவிலை நிவாரணம். முழுப் பென்ஷனுக்கு 33 ஆண்டு வேண்டும் என்றிருந்த நிபந்தனை ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு நீங்கியதால் கிடைத்த நன்மை இது.

இளையவர் புதிய உறுதித் திட்டத்துக்கு மாறியவர். 25 ஆண்டு நிறையவில்லை. ஆகவே விகிதப்படி குறைப்பு. 20,000 ரூபாயில் 25க்கு 20 பங்கு, 16,000 ரூபாய். சரி, குறைவாக உழைத்தார், குறைவாகப் பெறுகிறார்; போகட்டும். அந்த 16,000 எப்போது வரும்? வேலையிலே நீடித்திருந்தால் அவர் ஓய்வு பெற்றிருக்கக்கூடிய நாளில், அறுபது வயதில் வரும். பதினைந்து ஆண்டுகள்! அகவிலை நிவாரணமும் பென்ஷன் தொடங்கிய பிறகுதான். அந்தப் பதினைந்து ஆண்டில் மூத்தவர் அகவிலை நிவாரணம் நீங்கலாகவே 36 லட்சம் ரூபாய் பெற்றிருப்பார். இளையவர் பெறும் மாதப் பென்ஷன், பூஜ்யம்.

முழுவதும் வெறுங்கையோடு அனுப்புகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பணிக்கொடை இருவருக்கும் உண்டு. இருபது ஆண்டுக்கு அகவிலைப்படி சேர்ந்த பத்து மாதச் சம்பளம். இளையவருக்கு, ஒவ்வோர் ஆறு மாதப் பணிக்கும் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் மேலும் நான்கு மாதச் சம்பளம் வரும். அதைக் கொண்டு பதினைந்து ஆண்டு எப்படி ஓட்டுவது? சேமிப்பு நிதியிலே 60 சதவீதம் வரை எடுத்துக்கொள் என்று இன்னொரு கதவைக் காட்டுகிறார்கள். எடுத்தால், எடுத்த அளவுக்குப் பென்ஷன் குறையும். 60 சதவீதமும் எடுத்துவிட்டால் அறுபதாம் வயதில் வரவேண்டிய 16,000 ரூபாய், 6,400 ஆகிவிடும்! இன்றைக்குச் சோறு வேண்டுமானால் நாளைக்குப் பட்டினி.

2025 செப்டம்பரில் வந்த விதிகளில் இன்னும் ஒன்று இருக்கிறது. விருப்ப ஓய்வில் போனவர் அறுபது வயதை எட்டாமலே இறந்துபோனால், அவருடைய மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் இறந்த நாளிலிருந்தே கணக்காகும். அவர் பென்ஷனில் 60 சதவீதம். நல்ல விதி, கைம்பெண்ணைக் காக்கவைக்கக் கூடாது. ஆனால் இதன் பொருளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 46 வயதில் அவர் செத்தால் அந்த வீட்டு அடுப்பு எரியும். உயிரோடு இருந்தால் எரியாது! இறந்தவன் குடும்பத்துக்கு இன்றே தர நிதி இருக்கிறதாம், இருப்பவனுக்குத் தர இல்லையாம். கோட்டைக்குள் அமர்ந்து விதி எழுதிய கனவான்கள் இதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்திட்டார்களா?

அவர்கள் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. 45 வயதில் போகிறவருக்கு நாற்பது ஆண்டு பென்ஷன் தந்தால் நிதி தாங்குமா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுமைக்காகத்தானே 20,000 ரூபாயை 16,000 ஆகக் குறைத்தீர்கள்? குறைத்ததையும் பதினைந்து ஆண்டு பூட்டி வைப்பது ஒரே செயலுக்கு இரண்டு தண்டனை அல்லவா?

அறுபது வரை எல்லோராலும் உழைக்க முடியாது என்பது சர்க்காருக்கே தெரியும். சாட்சி வேண்டுமா? 2004இல் ரயில்வே ஒரு திட்டம் கொண்டுவந்தது. ரயில் ஓட்டுகிறவர்களும் இருப்புப்பாதை காக்கும் கேங்மேன்களும் ஐம்பது வயதுக்கு மேல் முன்கூட்டியே விலகினால், தகுதியுள்ள பிள்ளைக்கு வேலை. பிறகு 2010இல் அதை விரிவாக்கினார்கள். சமவாய்ப்புக்கு மாறானது என்று பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றம் கண்டித்ததால் 2018இல் மூடினார்கள், கண்டனம் சரியே. ஆயினும், தண்டவாளத்தில் வேலை செய்கிறவன் உடம்பு அறுபதுக்கு முன்பே ஓய்ந்துவிடுகிறது என்ற ஒப்புதல் அந்தத் திட்டத்தில் இருந்ததே! அப்படி விலகிய தந்தை பழைய பென்ஷன் வாங்கினார். அவர் இடத்துக்கு வந்த மகனுக்கு அது இல்லை.

பென்ஷன் எஜமான் மனமிரங்கிப் போடும் பிச்சை அல்ல. செய்த வேலைக்கு உரிய உரிமை. இதை மேடைப் பேச்சாளன் நான் சொல்லவில்லை; 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். உழைத்து முடித்த இருபது ஆண்டுக்கான உரிமையை, உழைக்காத பதினைந்து ஆண்டைக் காட்டி நிறுத்தி வைப்பது எந்த ஊர் நியாயம்?

விதி மாறும்வரை, வேலையைவிட எண்ணும் தோழர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விண்ணப்பத்தில் எழுதும் சொல்! ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு. கோபத்திலே ஒரு தாளை எடுத்து "ராஜினாமா செய்கிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை நான் அறிவேன். பழைய பென்ஷன் விதியில் ராஜினாமா என்றால் அதுவரை செய்த பணி முழுவதும் பறிபோயிற்று என்று பொருள். தேசியத் திட்டத்தில் இருபது ஆண்டுக்குப் பின் விருப்ப ஓய்வு என்றால் 60 சதவீதம் ரொக்கம் எடுக்கலாம். ராஜினாமா என்றால் 80 சதவீதத்தை ஆண்டுத்தொகை வாங்கவே கட்டவேண்டும், கைக்கு வருவது 20தான். புதிய உறுதித் திட்டத்திலோ ராஜினாமா செய்தவருக்கு உறுதியே கிடையாது.

டில்லி மின்சார நிறுவனத்தில் 1968இல் தினக்கூலியாகச் சேர்ந்து, 1971இல் பியூனாக நிரந்தரமானவர் ஒருவர். 1990இல் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். பென்ஷன் கேட்டு வழக்காடினார். உயர்நீதிமன்றம் அதை விருப்ப ஓய்வாகக் கொள்ளலாம் என்றது. 2019 டிசம்பரில் உச்சநீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. இருபது ஆண்டு முடித்திருந்தாலும் ராஜினாமா ராஜினாமாதான் என்றது தீர்ப்பு. ஒரு சொல்லின் விலை ஓர் ஆயுள் பென்ஷன்!

நம் இளையவருக்கு ஒரு வழி மிச்சமிருக்கிறது. உறுதித் திட்டத்துக்கு மாறியவர்கள் ஒரே ஒரு முறை தேசியத் திட்டத்துக்குத் திரும்பலாம். விருப்ப ஓய்வு பெறுவதானால் அந்த நாளுக்கு மூன்று மாதம் முன்பே எழுதித் தரவேண்டும். திரும்பினால் ரொக்கமும் ஆண்டுத்தொகையும் அறுபது வரை காத்திராமல் கிடைக்கும். அகவிலை நிவாரணம் இராது. எது லாபம் என்பது அவரவர் நிதியைப் பொறுத்தது. சங்கத்திலே கணக்குத் தெரிந்த தோழரிடம் உட்கார்ந்து, தாளும் பென்சிலுமாகப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் ஐந்தாண்டு சைக்கிள் மிதித்தால் அவருக்கு 25 ஆண்டு நிறையும், 16,000 ரூபாய் 20,000 ஆகும். அப்போதும் ஐம்பதில் விலகினால் பத்தாண்டு காத்திருக்கவேண்டும்.