ஒரு நாள் உலா: பாலக்காட்டுக் கணவாயிலும் இடுக்கி எல்லையிலும் காணத்தக்கவை

பிழைப்பை நாடி ஓர் ஊருக்குக் குடிவந்தவர் முதலில் அறிந்துகொள்வன மூன்று வழிகள். வேலைக்குச் செல்லும் வழி ஒன்று. கடைவீதிக்குச் செல்லும் வழி மற்றொன்று. சொந்த ஊருக்குத் திரும்பும் வழி மூன்றாவது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளிலும், சித்தூர் வட்டாரத்து வயல்களிலும், மூணாறு, வண்டிப்பெரியாறு தேயிலைத் தோட்டங்களிலும், உடும்பன்சோலை ஏலக்காடுகளிலும் வாழும் நம்மவருள் பலர் இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நான்காவது வழி ஒன்றை அறியாமலே இருக்கின்றனர்.

நம் குழந்தைகளோ இங்கேயே பிறந்தவர்கள். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளர்கின்றனர். 'இது நம் ஊர் அன்று' என்னும் சொல்லை வீட்டிலே கேட்கின்றனர். 'உங்கள் ஊர் எது?' என்னும் வினாவை வெளியிலே கேட்கின்றனர். கண்ணால் காணாத நாட்டின்மீது பற்று எங்ஙனம் பிறக்கும்? ஆகவே, காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பத்தக்க இடங்களைப் பற்றிச் சிறிது எழுத முற்பட்டேன்.

'உலாவுக்கு நேரம் ஏது, பணம் ஏது?' என்று அன்பர்கள் கேட்கலாம். நாட்கூலி பெறுவோர்க்கு ஒரு நாள் ஓய்வு என்பது ஒரு நாள் ஊதியத்தை இழப்பதாகும். இதை மறுப்பதற்கில்லை. எனினும் நம் இருப்பிடத்தின் வசதியை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நலம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்றொரு பெருநகரம் உண்டு. அங்கும் தமிழர் குடியேறி வாழ்கின்றனர். அதற்கு அண்மையிலுள்ள அடுத்த பெருநகரமாகிய அடிலெய்டு 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சிட்னியிலிருந்து பெர்த்துக்கு ஓடும் 'இந்தியன் பசிபிக்' இரயில் 4,352 கி.மீ. கடக்கிறது, இடையே வளைவே இல்லாத 478 கி.மீ. நேர்பாதை ஒன்றும் உண்டு. அத்தனை தனித்த நகரத்து மக்களும் விடுமுறை நாளில் வாளா இருப்பதில்லை. பிரீமாண்டில் துறைமுகத்திலிருந்து படகேறி ராட்நெஸ்ட் தீவுக்குச் சென்று, மிதிவண்டியில் சுற்றி, அங்கு வாழும் குவாக்கா என்னும் சிறு விலங்கைக் கண்டு, மாலையில் திரும்புகின்றனர். நமக்கோ கடலும் வேண்டாம், படகும் வேண்டாம். நகரப் பேருந்துக் கட்டணமே போதுமான இடங்கள் பல உள.

கணவாயின் சிறப்பு

மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர் போல் நின்று தமிழ்நாட்டையும் கேரளத்தையும் பிரிக்கிறது. அச்சுவரில் அமைந்த பெருவாயில் பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. இடையே சுமார் 30 கி.மீ. அகலமுள்ள சமநிலம். வணிகரும், படைகளும், பாவு நூற்போரும், வேதம் ஓதுவோரும் இவ்வழியேதான் வந்தனர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையிலுள்ள பேப்பூருக்குச் சென்ற இரயில்பாதையும் இவ்வழியாகவே 1862-ல் முற்றுப்பெற்றது. நாமும் இவ்வாயில் வழியே வந்தவர்களே. நமக்கு முன்னே எத்தனையோ தலைமுறையினர் வந்துள்ளனர் என்பதை அறிய, முதற்கண் நகருக்குள்ளேயே செல்லவேண்டும்.

கோட்டையும் கல்பாத்தியும்

பாலக்காட்டுக் கோட்டையை மைசூர் ஹைதர் அலி 1766-ல் கட்டுவித்தார். கருங்கல் மதில்களும், சுற்றிலும் நீர் நிறைந்த அகழியும் இன்றும் பழுதின்றி உள்ளன. திப்பு சுல்தான் காலத்துப் போர்களில் இது கைமாறிக் கைமாறி, 1790-ல் ஆங்கிலேயர் வசம் நிலைத்தது. உள்ளே அனுமான் கோயில் ஒன்று உண்டு. மதில்மேல் நடக்கும் சிறுவர்கள் வரலாற்றுப் பாடத்தைப் பிறகு மறக்கமாட்டார்கள்.

கோட்டையிலிருந்து கல்பாத்தி அண்மையதே. ஆற்றங்கரையில் விசுவநாத சுவாமி கோயில் உள்ளது. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1425 என ஆண்டு கூறுவர். 'காசியில் பாதி கல்பாத்தி' என்பது வழக்கு. கோயிலைச் சூழ்ந்த அக்கிரகாரங்களில் ஒட்டிய ஓட்டு வீடுகளும், வாயில்தோறும் கோலங்களும், திண்ணைகளும் தஞ்சை நாட்டை நினைவூட்டும். சோழ, பாண்டிய நாடுகளிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய குடும்பங்கள் அவை. அவர்கள் பேசும் தமிழில் மலையாளம் கலந்திருக்கும். ஆயினும் தமிழ் அற்றுப்போகவில்லை. நம் பிள்ளைகளின் தமிழ் என்னாகுமோ என்று கவலுறும் பெற்றோர் அத்தெருவில் ஒருமுறை நடந்து வரவேண்டும். நவம்பர் மாதத்தில் நிகழும் தேர்த்திருவிழாவின் இறுதி நாளன்று பல கோயில் தேர்கள் ஒருங்கே கூடும் காட்சி கண்கொள்ளாதது.

நகரை அடுத்த ஜைனிமேட்டில் பழைய சமணக் கோயில் ஒன்று உள்ளது. மலையாள மகாகவி குமாரன் ஆசான் 'வீணபூவு' என்னும் புகழ்பெற்ற கவிதையை 1907-ல் இவ்விடத்தில் தங்கியிருந்தபோது எழுதினார். அண்டை மொழியின் பெருங்கவிஞரைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இது நல்ல வாய்ப்பு.

மலம்புழை

நகரிலிருந்து ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது மலம்புழை அணை. பேருந்துகள் அடிக்கடி செல்கின்றன. நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. 1956 நவம்பர் முதல் நாள் கேரளம் பிறக்கும் வரை மலபார் சென்னை இராஜ்யத்தின் ஒரு மாவட்டமாகவே இருந்தது. ஆகவே இவ்வணையைக் கட்டியது சென்னை அரசு; 1955-ல் திறந்துவைத்தவர் அன்றைய முதலமைச்சர் காமராசர். இன்று பாலக்காட்டு வயல்கள் பசுமையாய் இருப்பதில் இவ்வணைக்குப் பெரும் பங்கு உண்டு.

பூங்காவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் அமைத்த 'யட்சி' என்னும் மாபெரும் சிலை உள்ளது. சண்டிகர் பாறைப் பூங்காவைப் படைத்த நேக் சந்த், உடைந்த வளையல், ஓடு முதலிய கழிபொருள்களைக் கொண்டே அமைத்த பூங்கா ஒன்றும் அருகில் இருக்கிறது. வீசியெறிந்த பொருளும் கைவண்ணத்தால் காட்சிப்பொருளாகும் என்பதைக் குழந்தைகள் கண்டு மகிழ்வர்.

இரயிலில் செல்லத்தக்கவை

பயணச் சீட்டு அலுவலகத்தில் பணிபுரியும் நான் ஒன்றைக் கவனித்ததுண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நம்மவர் நீண்ட வரிசையில் நின்று மதுரைக்கும் நெல்லைக்கும் சீட்டுக் கேட்பர். அதே பாதையில் இடையே இருக்கும் முதலமடைக்குச் சீட்டுக் கேட்ட தமிழ்க் குடும்பம் ஒன்றையும் நான் கண்டதில்லை.

பாலக்காடு–பொள்ளாச்சிப் பாதை மீட்டர் பாதையாக இருந்து, அகலப் பாதையாகி, 2015-ல் மீண்டும் திறக்கப்பட்டது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் என்று வயல்களினூடே செல்லும் பாதை இது. தெற்கே ஆனைமலைத் தொடர் உடன் வரும். முதலமடை நிலையத்து ஆலமரங்களின் நிழல் திரைப்படக்காரர்களால் விரும்பப்படுவது. அவ்வூர் மாந்தோப்புகளும் பெயர் பெற்றவை. எல்லா வண்டிகளும் சிறு நிலையங்களில் நிற்பதில்லையாதலால் நேரத்தை முன்னதாகவே விசாரித்துப் புறப்படுக.

நெம்மாறை வழியாக நெல்லியாம்பதிக்குப் பேருந்தில் செல்லலாம். அடிவாரத்தில் போத்துண்டி அணை. 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த அம்மண் அணையின் உட்சுவரில் சுண்ணாம்பும் வெல்லமும் கலந்த சாந்து பயன்பட்டது என்பர். மலைமேல் தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களும், அரசின் ஆரஞ்சுப் பண்ணையும் உள்ளன. சீதார்குண்டு முனையில் நின்றால் கொல்லங்கோட்டுச் சமவெளி முழுதும் காலடியில் விரியும்.

காடுகள் இரண்டு

பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் அங்குச் செல்லும் சாலை பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே போகிறது. கேரளத்து ஊரைக் காணத் தமிழ்நாட்டின் வழியே செல்லவேண்டியிருக்கிறது! அங்குள்ள அணைகள் நிற்பது கேரளத்தில், பேணுவது தமிழ்நாடு. அந்நீரே ஆழியாறு வழியாகக் கொங்கு நாட்டு வயல்களுக்கும் சித்தூர் வயல்களுக்கும் பாய்கிறது. அங்கே 450 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்படும் கன்னிமாரத் தேக்கு ஓங்கி நிற்கிறது. அதன் அடிமரத்தை அணைக்கப் பலர் கைகோக்கவேண்டும். 1907 முதல் பல ஆண்டுகள் சாலக்குடியிலிருந்து இக்காட்டுக்கு மரம் ஏற்றும் டிராம் பாதை ஒன்று ஓடியது என்பது இரயிலில் ஆர்வமுடையோர்க்கு இனிக்கும் செய்தி. 2010-ல் இக்காடு புலிகள் காப்பகமாயிற்று.

மற்றொன்று அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழையில் மின்திட்டம் ஒன்று எழவிருந்தது. அறிஞரும், கவிஞரும், பொதுமக்களும் ஒன்றுகூடி எதிர்த்தமையால் அது கைவிடப்பட்டு, 1984-ல் தேசியப் பூங்காவாயிற்று. மண்ணார்க்காடு வழியாக முக்காலிக்குச் சென்று, வனத்துறையின் ஏற்பாட்டில் ஜீப்பில் உள்ளே போகவேண்டும். சிங்கவால் குரங்கு வாழும் காடு இது. இரண்டு காடுகளுக்கும் முன்பதிவு செய்துகொள்வது நன்று.

இடுக்கி எல்லையில்

இடுக்கி மாவட்டத்து அன்பர்களுக்கு மலைக்காட்சி புதிதன்று. நாள்தோறும் கொழுந்து பறிக்கும் கைகளுக்குத் தேயிலைத் தோட்டம் வேலைக்களமேயன்றிக் காட்சியாகத் தோன்றாது. எனினும் அம்மலையின் வரலாறு நம் பாட்டன்மாரின் வரலாறு. போடிநாயக்கனூரிலிருந்து கால்நடையாக மலையேறி வந்தோர் அவருள் பலர்.

மூணாற்றில் ஒரு காலத்தில் இரயில் ஓடியது என்றால் இளைஞர் நம்பமாட்டார். குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் 1902-ல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-ல் இரண்டடிப் பாதையாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கயிற்றுப்பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி, போடியை அடைந்தன. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அடியோடு அழித்துவிட்டது. இன்று டாப் ஸ்டேஷன் என்னும் பெயரே அதற்குச் சாட்சி. மூணாற்றிலிருந்து செல்லும் அவ்விடம் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது.

இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடுகளைக் காணலாம். குட்டி ஈனும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், மூடியிருக்கும். 2018-ல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030-ல் பூக்கும். அவ்வழிச் செல்வோர் பெட்டிமுடியை நினைக்கவேண்டும். 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர். அங்கே ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது நம் கடமை.

குமுளியை அடுத்த மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, திறக்கப்படும். இடுக்கி, தேனி ஆகிய இரு மாவட்ட ஆட்சியினரும் இணைந்து ஏற்பாடு செய்கின்றனர். பென்னிகுவிக் 1895-ல் கட்டிமுடித்த அணையினால் உருவான தேக்கடி ஏரியும் அண்மையிலேதான்.

மனத்திற்கொள்ள வேண்டியவை

ஆற்றிலும் அணைநீரிலும் ஆழம் தெரியாமல் இறங்கலாகாது. மகிழ்ச்சிக்காகச் சென்ற பலர் இங்ஙனம் உயிரிழந்துள்ளனர். தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை மறவற்க. படகில் மிதவைச் சட்டை அணிந்து இருக்கையில் அமர்ந்தே செல்க. கடுமழைக் காலத்தில் மலைப்பாதை வேண்டாம். காட்டுச் சாலையில் யானையைக் கண்டு வண்டியை விட்டு இறங்குதல் பேதைமை. புளியோதரையும் தயிர்ச்சோறும் வாழையிலையில் கட்டிச் சென்றால் செலவு குறையும். நெகிழிப் பைகளைக் காட்டில் எறியலாகாது.

தனித்துச் செல்ல இயலாதோர்க்காக ஒரு விண்ணப்பம். நம் சங்கம் ஆண்டில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைக் குறித்துக்கொண்டு, குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்ளும் முறையில் ஒரு பேருந்தை அமர்த்தலாம். முதியோர், கைம்பெண்கள், தாய் தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளைகள் ஆகியோர்க்கு முதலிடம் தரலாம். முதற் பயணம் கோட்டை, கல்பாத்தி, மலம்புழை என அமையட்டும். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டால் விளக்கு வைக்குமுன் திரும்பிவிடலாம். திரும்பிய பின் சிறுவர் ஒவ்வொருவரும் தாம் கண்டதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். நல்லவற்றை இவ்விதழிலேயே வெளியிடலாம். விருப்பமுடைய அன்பர்கள் அடுத்த மாதக் கூட்டத்தில் தம் பெயரைத் தெரிவிப்பாராக.