டீசல் எஞ்சினின் எரிபொருள் உட்பாய்ச்சி: தேய்வும் மாற்றீடும்

மாணவர்களே, காலையில் மானிப்பாயில் யாழ்ப்பாணம் செல்லும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும்போது, புறப்படும் பஸ் ஒன்று கரும்புகையைக் கக்கிவிட்டுப் போவதைக் கண்டிருப்பீர்கள். "எஞ்சின் பழசு" என்று சொல்லி மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆனால் பல வேளைகளில் பழுதடைந்திருப்பது முழு எஞ்சின் அல்ல. கையில் அடங்கும் ஒரு சிறு பகுதிதான். அதுவே எரிபொருள் உட்பாய்ச்சி. கராஜில் இதை இன்ஜெக்டர் என்றும் அதன் நுனிப் பகுதியை நொசில் என்றும் அழைப்பர். பரீட்சையில் உட்பாய்ச்சி என்றே எழுதுங்கள். (19ஆம் நூற்றாண்டில் இதே மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். கலைச்சொல் கடினம் என்று நாம் முறைப்பாடு செய்ய இடமில்லை.)

முதலில் அதன் தொழிலைப் பார்ப்போம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. உருளைக்குள் வளி மட்டும் எடுக்கப்பட்டு, அதன் கனவளவு ஏறத்தாழ 16 முதல் 22இல் ஒரு பங்காகும்வரை முசலத்தினால் நெருக்கப்படுகிறது. அப்போது வளியின் வெப்பநிலை 500 பாகை செல்சியசைத் தாண்டும். அந்தச் சூடான வளியினுள் டீசலை மிக நுண்ணிய துளிகளாக உட்பாய்ச்சி விசிறுகிறது. துளிகள் தாமாகவே தீப்பற்றுகின்றன. துளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு விரைவாகவும் முழுமையாகவும் எரியும். பெரிய துளியின் உட்பகுதி எரிய நேரம் போதாது. எரியாத காபனே நீங்கள் கண்ட கரும்புகை.

உட்பாய்ச்சியினுள் ஓர் ஊசி வால்வு உண்டு. சுருளிவில் ஒன்று அதை இருக்கையில் அழுத்தி வைத்திருக்கும். பம்பியிலிருந்து வரும் டீசலின் அமுக்கம் வில்லின் விசையை மிஞ்சும்போது ஊசி உயர்கிறது. அமுக்கம் குறைந்ததும் சட்டென மூடுகிறது. பழைய வகை பஸ், லொறி எஞ்சின்கள் பலவற்றில் இந்தத் திறக்கும் அமுக்கம் 200 பார் அளவில் இருக்கும். பஸ் ரயரில் அடைக்கும் காற்று 7, 8 பார்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஊசிக்கும் அதன் உடலுக்கும் இடையிலான வெளி ஏறத்தாழ 2 முதல் 4 மைக்கிரோமீற்றர்; தலைமயிரின் தடிப்போ 70 மைக்கிரோமீற்றர் அளவு. இவ்விரண்டும் சோடியாகவே தீட்டப்படுவதால், ஒன்றின் ஊசியை மற்றொன்றின் உடலில் போடக்கூடாது.

அந்த நுண்ணிய வெளியில் உராய்வைக் குறைப்பது எது? அங்கு எஞ்சின் எண்ணெய் செல்வதில்லை. டீசலே எரிபொருள், டீசலே உராய்வு நீக்கி. மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் விடை இது. ஆகவே டீசலில் தூசோ நீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் முதலில் அடிபடுவது பம்பியும் உட்பாய்ச்சியுமே.

இதை எம் குடாநாடு அனுபவித்து அறிந்தது. 1990 முதல் நடைமுறையில் இருந்த பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் டீசலும் கிடைப்பது அரிதாயிற்று. ஒஸ்ரின் ஏ 40 கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெயுடன் சமையல் எண்ணெய் கலந்து வாகனம் ஓட்டியவர்களும் உண்டு. டீசல் எஞ்சினைப் பொறுத்தவரை அதில் ஒரு நியாயம் இருக்கிறது: மண்ணெண்ணெய் பாகுநிலை குறைந்தது, வழுக்குந் தன்மையும் குறைந்தது, எண்ணெய் அக்குறையை ஓரளவு நிரப்பும். ஆனால் அதே எண்ணெய் நொசில் துளைகளில் கரியாகப் படியும். வேறு வழியில்லாத காலத்து உபாயம் அது. 2022இல் நிலைமை வேறு. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் விலை 340 ரூபாவாக உயர்த்தப்படும்வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. டீசலோ 400 ரூபாவுக்கு மேல். கலப்பவர் மிச்சப்படுத்தும் பணம் பின்னர் உட்பாய்ச்சிக்கே போய்விடும்.

தேய்ந்ததை எப்படி அறிவது? கரும்புகை, தட்டும் ஓசை, இழுவைக் குறைவு, காலையில் ஸ்ராட் ஆகத் தயங்குதல் என்பன அறிகுறிகள். வளி வடிகட்டி அடைபட்டாலும் கரும்புகை வரும். அதை முதலில் பாருங்கள், செலவில்லாத வேலை. பின்னர், பழைய வகை எஞ்சினை மந்தகதியில் ஓடவிட்டு, உட்பாய்ச்சிகளுக்குச் செல்லும் உயரமுக்கக் குழாய்களின் சுரைகளை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்துவர். ஒன்றைத் தளர்த்தும்போது எஞ்சின் தளர்ந்தால் அந்த உருளை நன்றாக வேலை செய்தது என்று பொருள். மாற்றமே இல்லையெனில் அந்த உருளையில்தான் கோளாறு.

அதன் உட்பாய்ச்சியைக் கழற்றிக் கைப்பம்பிச் சோதனைக் கருவியில் பூட்டி, திறக்கும் அமுக்கம், விசிறலின் வடிவம், நுனியில் கசிவு ஆகியவற்றைப் பார்ப்பர். திறக்கும் அமுக்கம் மட்டும் குறைந்திருந்தால் வில்லின் மேல் மெல்லிய தகடு சேர்த்துச் சரிசெய்யலாம்; கசிந்தால் நொசிலை மாற்ற வேண்டும். இச்சோதனையின்போது கையை விசிறலின் முன் நீட்டவே கூடாது. அந்த அமுக்கத்தில் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். வெளியே ஊசி குத்திய புள்ளி மட்டுமே தெரியும், நோவும் முதலில் குறைவு. உள்ளே இழையங்கள் அழிந்து விரலையே இழக்க நேரலாம். காலந் தாழ்த்தாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

பொருத்தும்போது பலர் விடும் தவறு செப்பு வொஷர் பற்றியது. பழைய வொஷர் குழியின் அடியில் ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதைப் போட்டால் நொசில் உயர்ந்து நின்று டீசல் தவறான இடத்தில் விழும். பழையதை எடுத்து, இருக்கையைத் துப்புரவாக்கிப் புதியது ஒன்றே இடவேண்டும். கழற்றிய குழாய் வாய்களை உடனே மூடிவைக்கவும். சுரைகளைக் குறித்த முறுக்கத்துக்குச் சமமாக இறுக்கி, குழாயில் அகப்பட்ட வளியை வெளியேற்றிய பின்னரே எஞ்சின் சீராக ஓடும்.

பொதுத்தண்டவாள முறையுள்ள புதிய பஸ்களில் அமுக்கம் 1600 பாரையும் தாண்டும். அவற்றில் எஞ்சின் ஓடும்போது சுரையைத் தளர்த்துவது உயிராபத்து. கணினிக் கருவியால் சோதித்து, பல வகைகளில் புதிய உட்பாய்ச்சியின் குறியீட்டையும் எஞ்சின் கட்டுப்பாட்டு அலகில் பதிய வேண்டும்.

மாதிரி வினா: ஒரு லொறிக்குப் புதிய நொசில்கள் பொருத்தி ஆறு மாதத்தில் மீண்டும் கரும்புகை வருகிறது. வளி வடிகட்டி சுத்தம். பொருத்திய முறையும் சரி. அடுத்து எதைப் பரிசோதிப்பீர்கள்? காரணம் தருக.

விடைக்குறிப்பு: எரிபொருள் வடிகட்டியிலும் தாங்கியின் அடியில் தங்கிய நீரிலும் தொடங்குங்கள், பின்னர் டீசல் எங்கே நிரப்பப்பட்டது என்று சாரதியிடம் கேளுங்கள்.